பெரிய எண்ணும் சின்ன எழுத்தும்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பவர் பேங்க் வாங்க வருகிறவர்களில் அநேகம் பேர் கேட்கும் முதற் கேள்வி, "அண்ணை, இது எத்தனை ஆயிரம்?" என்பதுதான். பத்தாயிரம், இருபதாயிரம், ஐம்பதாயிரம் என்று பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைத்தான் கேட்கிறார்கள். அதே பொருளின் முதுகில், கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரியும் எழுத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். காசு கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்த இரண்டு எண்களும், பொருளின் நிறையும், விற்கிறவனின் நாணயமும்தான் தீர்மானிக்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பற்றரியோடு கழிந்த வாழ்க்கையில் கற்றுக்கொண்டேன்.

நான் தொழில் பழகத் தொடங்கியது கார் பற்றரியில். 1990களில் விடத்தல்தீவு, அடம்பன் பக்கத்துக் கிராமங்களில் கரண்ட் கிடையாது. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களுக்குக் கொண்டுபோக அரசாங்கம் தடை விதித்திருந்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. ரேடியோவுக்குப் போடும் சின்ன பற்றரிகூட அகப்படாது. சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் கரண்டில் பி.பி.சி. தமிழோசை கேட்ட காலம் அது. பழைய கார்களிலும் உழவு இயந்திரங்களிலும் இருந்து கழற்றிய பற்றரிகள் ஊர் முழுக்கச் சுற்றிவந்தன. கல்யாண வீட்டுக்கு லைற் போட, செத்தவீட்டில் இரவு விழித்திருக்க, திருவிழாவுக்கு மைக் கட்ட, எல்லாவற்றுக்கும் அவைதான். அவை தீர்ந்ததும் நான் வேலை பார்த்த கடைக்குச் சார்ஜுக்கு வரும். எங்கள் ஜெனரேற்றரை பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். மண்ணெண்ணெய் விலை தலையைச் சுற்ற வைக்கும்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்த முதலாளி அதிகம் பேசமாட்டார். மூன்று விஷயங்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். "மேலே ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரைப் பாக்காதை தம்பி, உள்ளுக்கிருக்கிற அசிட்டைப் பார்." அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மானியை ஒவ்வொரு அறையிலும் விட்டுப் பார்ப்போம். 1.26க்குக் கிட்ட நின்றால் நிறைந்த பற்றரி. 1.15க்கு இறங்கினால் வெறுமையாகிவிட்டது. ஆறு அறையில் ஒன்று கெட்டிருந்தாலும் பற்றரி முழுவதும் கெட்டதுதான். இரண்டாவது, அவசரப்படாதே என்பது. 60 அம்பியர் பற்றரிக்கு 6 அம்பியருக்கு மேல் ஏற்றவிடமாட்டார். பத்து மணித்தியாலம் ஆகட்டும் என்பார். மூன்றாவது, பற்றரியை அடிமட்டம் வரை சாகவிடாதே என்பது. பின்னர் லிதியம் வந்தது, அமிலம் போனது, மானி போனது. அந்த மூன்று விதிகளும் இன்றைக்கும் என் கடையில் நடைமுறையில் இருக்கின்றன.

2002இல் பொருளாதாரத் தடை தளர்ந்து பாதை திறந்தபோது சாமான்கள் வந்தன. 2007, 2008இல் சண்டை எங்கள் பக்கம் திரும்பியது. ஊர் ஊராய் இடம்பெயர்ந்தோம். அந்த நாட்களைப் பற்றி எழுத வேறு கட்டுரை வேண்டும். போர் முடிந்த பிறகு, 2010இல் தள்ளாடிக்கும் மன்னார்த் தீவுக்கும் இடையே புதுப் பாலம் திறந்த காலத்தில், நான் மன்னார் நகரத்துக்கு வந்து ஒரு மேசையும் சூட்டுக்கோலும் வைத்துத் தொழிலைத் தொடங்கினேன்.

அப்போது எல்லார் கையிலும் நோக்கியா போன். அதில் கிடந்த பி.எல்.-5சி பற்றரியைத் தெரியாத கடைக்காரர் இல்லை. 1020 எம்.ஏ.எச். (மில்லி அம்பியர் மணி) கொள்ளளவு கொண்ட, நெருப்புப்பெட்டியை விடச் சின்ன சாமான். ஆனாலும் இரண்டு மூன்று நாள் நிற்கும். அந்த பற்றரியில்தான் முதல் தடவை போலியைப் பார்த்தேன். பெட்டி ஒன்று, எழுத்து ஒன்று, பளபளப்பு முத்திரையும் ஒன்று. கையில் எடுத்தால் மட்டும் நிறை குறைவு. 2007 ஓகஸ்ற்றில் அதே பி.எல்.-5சியில் 4 கோடியே 60 இலட்சம் பற்றரிகளை மாற்றித் தருவதாக நோக்கியா அறிவித்திருந்தது. ஒரு பெரிய யப்பான் கம்பனி ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்து கொடுத்த பற்றரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகின என்பது காரணம். அதை அறிந்தபோது எனக்கு இரண்டு விஷயம் விளங்கியது. நல்ல பெயருள்ள பொருளிலும் பிழை வரலாம். ஆனால் நல்ல பெயருள்ளவன் பிழை வந்தால் தேடி வந்து சொல்வான். பெயரில்லாத பொருளுக்குச் சொல்ல ஆளில்லை.

பிறகு ஸ்மார்ட் போன் வந்தது. திரை பெருத்தது. பற்றரி ஒரு நாளைக்கு மேல் நிற்காமற் போனது. அதைவிட முக்கியம், பற்றரியைக் கழற்ற முடியாதபடி மூடிவிட்டார்கள். முன்பு கடலுக்குப் போகிறவர் சட்டைப் பையில் இன்னொரு பற்றரி வைத்திருப்பார். அந்த வழி அடைபட்ட இடத்தில்தான் பவர் பேங்க் நுழைந்தது. 2013 டிசம்பரில் சியோமி கம்பனி 10,400 எம்.ஏ.எச். பவர் பேங்கை 69 யுவானுக்குச் சீனாவில் விட்டது. அது விலையை உடைத்தது. அதோடு அந்த அலுமினியப் பெட்டியைப் போலவே செய்த போலிகளும் ஆசியா முழுக்கப் பெருகின. கொழும்புப் புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத் தெருவுக்கு மொத்தச் சாமான் எடுக்கப் போகும்போதெல்லாம் புதுப்புதுப் பெயர்களில், புதுப்புது நிறங்களில் பவர் பேங்க் அடுக்கியிருப்பார்கள். விலை குறையக் குறைய முகப்பில் உள்ள எண் கூடிக்கொண்டே போகும். அதுதான் எனக்கு முதலில் சந்தேகத்தைக் கொடுத்தது.

ஒரு நாள் பேசாலையில் இருந்து ஒரு தம்பி வந்தார். திருவிழாக் கடையில் வாங்கிய பவர் பேங்க். முகப்பில் 50,000 என்று இருந்தது. "போன் பாதிகூட ஏறாதாம் அண்ணை" என்றார். திறந்து பார்த்தேன். உள்ளே விரல் பருமனுள்ள நாலு உருளைகள். ஒன்று மட்டும் வயரோடு இணைத்திருந்தது. மற்ற மூன்றையும் கத்தியால் கீறினால் மணல் கொட்டியது. நிறை தெரிவதற்காக மணல். அந்தத் தம்பியின் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் கொடுத்தது ஒரு கடல் இரவின் கூலி.

அந்த உருளையின் கணக்கு தெரிந்தால் இப்படி ஏமாற வேண்டியதில்லை. அதை 18650 என்பார்கள். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். நல்ல கம்பனியின் செல் ஒன்று 45 முதல் 50 கிராம் நிறை இருக்கும். அதில் பிடிக்கும் கொள்ளளவு 2,000 முதல் 3,500 எம்.ஏ.எச். வரைதான். ஒற்றை 18650இல் 9,900 என்று எழுதியிருந்தால் அது பச்சைப் பொய். 50,000 எம்.ஏ.எச். உண்மையாக வேண்டுமானால் குறைந்தது 15 செல் வேண்டும். செல்லின் நிறை மட்டுமே முக்கால் கிலோவுக்குக் கிட்ட வரும். கைக்குள் அடங்கும் 200 கிராம் பெட்டியில் 50,000 இருக்கவே முடியாது. தட்டையான பை போன்ற செல் போட்ட பவர் பேங்குகளும் உண்டு. அவற்றிலும் 10,000 எம்.ஏ.எச். பொருள் சாதாரணமாக 180 முதல் 250 கிராம் வரும். 20,000 என்றால் 350, 400 கிராம் வரும். பக்கத்துக் கடை நகைத் தொழிலாளியிடம் தராசை இரவல் வாங்கித்தான் முதலில் நிறுத்துப் பார்த்தேன். பிறகு எனக்கென்று ஒரு தராசு வாங்கி மேசையில் வைத்தேன். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. நிறை போதாவிட்டால் பொருள் பொய். நிறை சரியாக இருந்தால் மட்டும் மெய்யாகிவிடாது. மணலுக்கும் நிறை உண்டு.

அடுத்த கேள்வி இன்னும் அடிக்கடி வரும். "என்ரை போன் 5,000. பவர் பேங்க் 10,000. ரெண்டு தரம் ஏற வேணுமே? ஒன்றரைக்கு மேலை ஏறேல்லை. இதுவும் போலியோ?" இது போலி அல்ல. முகப்பில் உள்ள எண், செல்லின் 3.7 வோல்ட் அளவில் எடுத்த கணக்கு. போனுக்குப் போகும் வழியில் அதை 5 வோல்ட்டாக உயர்த்த வேண்டும். அந்த மாற்றத்தில் கொஞ்சம் சூடாய்க் கழியும். எங்கள் துறைமுகத்தில் ஐஸோடு சேர்த்து நிறுத்த மீன்பெட்டியின் நிறையை மீனின் நிறை என்று யாரும் எடுக்கமாட்டார்கள். முகப்பு எண் அந்தப் பெட்டியின் நிறை. மீனின் நிறை பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கிறது. அதில் 5 வோல்ட்டில் உண்மையாக வெளியே வரும் கொள்ளளவு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். நல்ல 10,000 பவர் பேங்கில் அது 5,800க்கும் 6,500க்கும் இடையில் இருக்கும். அந்த எண்ணைத் துணிந்து அச்சடிக்கிறவன் பெரும்பாலும் நாணயமானவன். அதை அச்சடிக்காமல் விடுகிறவனின் பொருளை நான் வாங்குவதில்லை.

சின்ன எழுத்தில் உள்ள இரண்டாவது எண் வாட் மணி. 10,000 எம்.ஏ.எச்.சை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட் மணி. 20,000 என்றால் 74. இந்த இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 30,000 என்று முகப்பில் போட்டுவிட்டுப் பின்னால் 37 வாட் மணி என்று எழுதிய பொருட்களை நான் கையில் எடுத்திருக்கிறேன். முன்பக்கம் அச்சடித்தவனும் பின்பக்கம் அச்சடித்தவனும் பேசிக்கொள்ளவில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

கடைக்கு ஒரு புதுத் தொகுதி வந்தால் அதில் ஒன்றை எடுத்து நானே சோதிப்பேன். யூ.எஸ்.பி. மீற்றர் என்று விரல் நீளத்தில் ஒரு சாமான் இருக்கிறது. வோல்ட், அம்பியர், மொத்தம் வெளியே போன எம்.ஏ.எச். எல்லாம் அதன் சின்னத் திரையில் ஓடும். முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கை அந்த மீற்றரில் செருகி, 2 அம்பியர் இழுக்கும் சுமையைக் கொடுத்து, தானாக நிற்கும்வரை விடுவேன். மூன்று மணித்தியாலம் போகும். நல்லது 6,000க்கு மேல் காட்டும். மோசமானது 2,000இல் படுத்துவிடும். இன்னொன்றையும் பார்ப்பேன். சுமை கொடுத்ததும் வோல்ட் 5இல் இருந்து 4.5க்கு விழுந்தால் உள்ளே இருப்பது பலவீனமான செல் என்று சந்தேகப்பட வேண்டும். பழைய லப்டொப் பற்றரிகளை உடைத்து, அதிலிருக்கும் செல்லுக்குப் புது உறை மாட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறை சரியாக இருக்கும், வெளித்தோற்றமும் சரியாக இருக்கும். இந்தச் சோதனையில் மட்டுந்தான் பிடிபடுவார்கள்.

மன்னாருக்கென்று தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. கொழும்பில் நல்லதென்று பெயரெடுத்த பொருள் இங்கே இரண்டு வருஷம் நிற்காது. காரணம் உப்பு. சோளகம் வீசும் மாதங்களில் கடையின் இரும்புக் கதவே உரிந்து கொட்டும். யூ.எஸ்.பி. துளைக்குள் உள்ள செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறும். வங்காலை, தாழ்வுபாடு, பேசாலைத் தொழிலாளர்கள் கொண்டுவரும் பவர் பேங்குகளில் பாதிக்கு நோய் செல்லில் இல்லை, துளையில்தான் இருக்கும். அற்ககோலும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைத்துக் காயவைத்தால் உயிர் வந்துவிடும். கடலுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு நான் சொல்வது: வாயகன்ற திருகுமூடிப் போத்தலில் போட்டு இறுக்கி மூடுங்கள். ஈரத் துளையில் வயரைச் செருகாதீர்கள். உப்புத் தண்ணீர் கரண்டைக் கடத்தும். அந்த இடம் சூடாகி, போனின் துளையையும் சேர்த்து எரித்துவிடும்.

தலைமன்னார்க் கடலில் இன்னொரு விஷயம் உண்டு. தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். நடுக்கடலில் போன் எங்கள் கோபுரத்தையும் இழந்து, அந்தப் பக்கத்துக் கோபுரத்தையும் பிடித்து விட்டு, ஓயாமல் சிக்னல் தேடிக்கொண்டிருக்கும். பற்றரியைத் தின்பது அந்தத் தேடல்தான். எல்லைக்கோடு எங்கே என்று பார்க்க வலைக்காரர்களுக்கு போனின் ஜி.பி.எஸ். கட்டாயம் தேவை. போனை விமானப் பயண முறையில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் ஜி.பி.எஸ். வேலை செய்யும். வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டு இப்படிச் செய்தால் ஒரு இரவுக்கு இரண்டு பவர் பேங்க் கொண்டுபோனவருக்கு ஒன்றே போதும். இதைச் சொல்லிக் கொடுத்ததால் எனக்கு ஒரு பவர் பேங்க் விற்காமற் போனது உண்மைதான். சொல்லிக் கொடுத்தவனிடம் அவர்கள் பத்து வருஷமாய்த் திரும்பி வருகிறார்கள் என்பதும் உண்மை.

வெயில் அடுத்தது. முதுகில் சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க் வந்தபோது எங்கள் ஆட்களுக்குப் பெரிய ஆசை. மன்னாரில் இல்லாத வெயிலா? கணக்கைப் பாருங்கள். உள்ளங்கை அளவுத் தகடு உச்சி வெயிலில் அதிகம் போனால் ஒன்று, ஒன்றரை வாட் தரும். 37 வாட் மணியை நிரப்ப ஒரு கிழமையாவது வெயிலில் கிடக்க வேண்டும். லிதியம் செல்லை 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. தகரக் கூரையில் நண்பகலில் கிடக்கும் கறுப்புப் பெட்டி அதைத் தாண்டிப் போய்விடும். செல் ஊதும். அரிப்பில் இருந்து சிலாவத்துறை வரை வாடிகளில் தங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, சோலார் வேண்டுமானால் மடித்து விரிக்கும் 20 வாட் தகடு ஒன்றைத் தனியாக வாங்குங்கள் என்பது. தகட்டை வெயிலில் வையுங்கள், பவர் பேங்கை நிழலில் வையுங்கள்.

2022ஐ யாரும் மறக்கமாட்டார்கள். மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். டொலர் 200 ரூபாயில் இருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. பவர் பேங்க் விலை இரட்டித்தது. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் தம்பபவனி காற்றாலைகள் திறந்தபோது, இனி எங்களுக்குக் கரண்ட் தடையில்லை என்று பலர் நினைத்தார்கள். 30 காற்றாலைகள், 100 மெகாவாற்றுக்கு மேல். அந்தக் கரண்ட் நடுக்குடா உபநிலையம் வழியாகத் தேசிய வலைக்குப் போகிறது. வலை விழுந்தால் காற்றாலையும் நின்றுவிடும். 2020 ஓகஸ்ற் 17, 2021 டிசம்பர் 3, 2025 பெப்ரவரி 9 என்று நாடே இருண்ட நாட்களில் மன்னாரும் சேர்ந்துதான் இருண்டது.

2022இல்தான் போனைத் தாண்டிய தேவைகள் என் கடைக்கு வந்தன. பிள்ளையின் வகுப்பு நடுவில் றவுட்டர் நிற்கிறது என்று ஒரு தாய் வந்தார். வீட்டு றவுட்டர்களில் அநேகம் 12 வோல்ட்டில் ஓடும். சாதாரண பவர் பேங்க் தருவது 5 வோல்ட். இதற்கென்று 12 வோல்ட் தரும் மினி யூ.பி.எஸ். வருகிறது. கரண்ட் போன கணத்தில் துண்டிக்காமல் மாறிக்கொள்ளும். அதுதான் சரியான சாமான். அதற்குள் இருப்பதும் அதே லிதியம் செல்தான், ஆகவே நிறையும் சின்ன எழுத்தும் அங்கேயும் பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகள் லப்டொப்போடு வந்தார்கள். லப்டொப்புக்கு எம்.ஏ.எச்.சைப் பார்த்து வாங்கினால் காசு வீண். முதலில் பார்க்க வேண்டியது லப்டொப்பின் துளை. வட்டத் துளை மட்டும் உள்ள பழைய மெஷினுக்கு சாதாரண பவர் பேங்க் நேரே பொருந்தாது. டைப்-சி துளை இருந்து, அதன்வழி சார்ஜ் ஏற்றும் வசதியும் இருந்தால், பி.டி. என்ற முறையில் 20 வோல்ட் தரும் பவர் பேங்க் வேண்டும். 45 வாட் அல்லது 65 வாட் என்று போட்டிருக்கும். வயரும் முக்கியம். சாதாரண டைப்-சி வயர் 60 வாட்டோடு நின்றுவிடும், 65 வாட்டுக்கு 5 அம்பியர் தாங்கும் வயர் வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட் மணி. கழிவு போக 60க்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும். 50 வாட் மணி பற்றரி உள்ள லப்டொப்பை ஒரு தரம் நிரப்பலாம். அதற்கு மேல் சொல்கிறவனை நம்ப வேண்டாம்.

ஒரு பள்ளிக்கூட மாஸ்ரர், மாணவர்களுக்குப் படிப்பிக்க வாங்கிய ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியைக் கொண்டுவந்தார். கரண்ட் போனாலும் நிற்காமல் ஓட வேண்டும் என்றார். அதன் நாலாம் தலைமுறைக்கு 5 வோல்ட்டில் 3 அம்பியர் தடுமாறாமல் வேண்டும். பல பவர் பேங்குகள் சார்ஜ் ஏறிக்கொண்டே வெளியேயும் கொடுக்கும். ஆனால் கரண்ட் போகிற கணத்தில் ஒரு இமைப்பொழுது வெளிவழியை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கும். போனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சின்னக் கணினி அந்த இடைவெளியில் அணைந்து, நினைவு அட்டையில் எழுதிக்கொண்டிருந்ததும் கெட்டுவிடும். கடையில் இருந்த மொடல்களை ஒவ்வொன்றாய்ப் போட்டு, சுவர்ச் சுவிட்சைப் போட்டு நிறுத்திப் பார்த்து, தடுமாறாத ஒன்றைத்தான் கொடுத்தனுப்பினேன். இந்தச் சோதனைக்குச் செலவில்லை. கேட்டால் எந்தக் கடைக்காரரும் செய்து காட்டலாம்.

வெளிநாட்டு உறவினர்கள் வந்துபோகும் ஊர் இது. விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போக வேண்டும், சரக்குப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி. அதாவது 27,000 எம்.ஏ.எச். வரை. 100 முதல் 160 வரை விமானக் கம்பனியின் சம்மதம் வேண்டும். அதற்கு மேல் கிடையாது. எண் அழிந்திருந்தால் பறித்துவிடுவார்கள். 2025 ஜனவரி 28இல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் எயார் பூசான் விமானம் ஒன்று தீப்பற்றியபின் விதிகள் இறுகின. பல விமானங்களில் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை. அதே ஆண்டு ஜூனில் அன்கர் கம்பனி அமெரிக்காவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகளைத் திருப்பி அழைத்தது. ஏ1263 என்ற மொடல். சீனாவில் ரோமோஸ் கம்பனியும் ஏறக்குறைய 5 இலட்சத்தைத் திருப்பி அழைத்தது. இரண்டும் பெயருள்ள கம்பனிகள். இந்தச் செய்தியைக் காட்டி, "அப்ப மலிவான சாமானே வாங்கலாமே அண்ணை" என்று ஒருவர் சொன்னார். நான் நோக்கியா கதையைச் சொன்னேன். மொடல் இலக்கமும் தொடர் இலக்கமும் அச்சடித்த பொருளைத்தான் திருப்பி அழைக்க முடியும். அவை இல்லாத பொருள் எரிந்த பிறகுதான் தெரியவரும்.

தீப்பற்றும் முன் பவர் பேங்க் பல தடவை எச்சரிக்கும். பெட்டி உப்பி, இணைப்பு விலகி, மேசையில் வைத்தால் ஆடும். இனிப்பு மணம் போல ஒரு மணம் வரும். சும்மா கிடக்கும்போதே சுடும். இதில் ஒன்று தெரிந்தாலும் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், திறக்காதீர்கள். எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், மணல் போட்ட வாளியில் வையுங்கள். தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். பாவிக்காமல் வைக்கும்போது பாதிச் சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஏற்றுங்கள். நன்றாகப் பராமரித்தால் 300 முதல் 500 தரம் ஏற்றி இறக்கலாம். இப்போது லிதியம் இரும்பு பொஸ்பேற் செல் போட்டவையும் வருகின்றன. நிறை கூட, விலையும் கூட. ஆனால் ஆயுள் பல மடங்கு, தீப்பற்றும் அபாயமும் குறைவு. வீட்டில் ஒரே இடத்தில் வைத்திருப்பதற்கு நான் இப்போது அதைத்தான் சொல்கிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, கரண்டும் தொலைபேசியும் அறுந்து, வெள்ளம் சூழ்ந்த வீடுகளில் ஆட்கள் ஒரு அழைப்புக்காகத் தவித்தார்கள். அந்த நாட்களில் ஒரு போனில் மிஞ்சியிருந்த சார்ஜ் ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தைச் சொல்லும் ஒரே வழி. போலி பவர் பேங்க் விற்பது சின்னக் களவு என்று நினைக்கிற வியாபாரிகளுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் விற்ற மணலை ஒருவர் வெள்ளத்துக்கு நடுவில் கையில் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடும்.

வாங்குகிறவர்களுக்கு என் முடிவு இது. ஒரு குடும்பத்துக்கு 10,000 எம்.ஏ.எச். உண்மையான பவர் பேங்க் ஒன்று, பொய்யான ஐம்பதாயிரத்தை விட மேல். லப்டொப் இருந்தால் 20,000, 65 வாட். மொடல் இலக்கம், வாட் மணி, 5 வோல்ட்டில் வரும் கொள்ளளவு மூன்றும் அச்சில் இருக்க வேண்டும். நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதமாவது பொறுப்பேற்று எழுதித் தருகிற கடையில் வாங்குங்கள். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று தொடங்குமுன் வீட்டில் உள்ளதை ஒரு தரம் முழுக்க ஏற்றி, இறக்கிப் பாருங்கள்.

பிரதேச சபைகளையும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களையும் ஒன்று கேட்கிறேன். செத்த பற்றரிகளும் ஊதிய பவர் பேங்குகளும் இப்போது குப்பை மேட்டுக்குப் போகின்றன. அந்தக் குப்பையைக் கிளறித்தான் எங்கள் தெருக் கழுதைகளும் மாடுகளும் தின்கின்றன. அதே குப்பைக்குத்தான் தீயும் வைக்கிறார்கள். ஒவ்வொரு ஊர்ச் சந்தியிலும் இவற்றுக்கென மூடிபோட்ட ஒரு தனிப் பெட்டி வையுங்கள், சேர்ந்ததை உரிய இடத்துக்கு அனுப்புங்கள். மன்னார் நகரத்துக்கான பெட்டியை என் கடை வாசலில் வைக்க நான் இடம் தருகிறேன்.